ஃபென்ஸ், வால், ஹர்டில், பேரியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஃபென்ஸ்' பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல்தான். ஆனாலும் மொழிபெயர்ப்பவர்களும் ஆங்கிலம் படிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைப் பற்றியும் இதன் உறவுக்காரச் சொற்களைப் பற்றியும்தான். ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஃபென்ஸ் என்றால் வேலி. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

வேலி என்பது முதல் பொருள், அவ்வளவுதான். அதே சொல் வாள்வீச்சு விளையாட்டில் வரும், குதிரைப் பந்தயத்தில் வரும், கிரிக்கெட் வர்ணனையில் வரும், கணினி நிரலில் வரும். துப்பறியும் கதையில் திருட்டுப் பொருளை வாங்கி விற்பவனுக்கும் அதுதான் பெயர். பேச்சுவழக்குத் தொடர்கள் தனி.

இன்னொரு சிக்கல், ஒத்த சொல் அகராதிகளில் வால், ஹெட்ஜ், ரெயிலிங், பேரியர், பேரிகேட், ஹர்டில் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையைப் பார்ப்பவருக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்றுதான் தோன்றும். அப்படிப் போட முடியாது. தடுப்பது எது, யார் வைத்தது, எதிரே நிற்பவரை அது என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றையே சுற்றிவரும்.

எப்படிச் சொல்வது? பென்ஸா, ஃபென்ஸா, வென்ஸா?

ஃபென்ஸ். மேல்பற்கள் கீழுதட்டைத் தொட, காற்று மட்டும் வர வேண்டும். தொண்டை அதிர்ந்தால் 'வ' ஆகிவிடும். உதடு இரண்டும் ஒட்டினால் பென்ஸ் ஆகிவிடும், அது கார். தமிழில் எழுதும்போதும் ஆய்தத்தை விட்டுவிடாதீர்கள். 'வீட்டைச் சுற்றி பென்ஸ் நிறுத்தினார்' என்று ஒருவர் எழுதியதைப் படித்து, எவ்வளவு பெரிய பணக்காரர் என்று சற்று நேரம் வியந்திருக்கிறேன்.

ஃபென்ஸ், ஃபென்சிங் இரண்டும் ஒன்றுதானே? கம்பி வேலிக்கு எல்லாரும் ஃபென்சிங் என்றுதான் சொல்கிறார்கள்.

நம் பேச்சில் ஃபென்சிங் நிலைத்துவிட்டது. அதைத் திருத்த வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் வேறுபாடு தேவைப்படும். ஃபென்ஸ் என்பது எண்ணக்கூடிய ஒரு பொருள்: ஒரு ஃபென்ஸ், இரண்டு ஃபென்ஸ்கள். ஃபென்சிங் என்பது வேலிக்கான கம்பி, கல்தூண், மரச்சட்டம் போன்ற சாமான்களையும் வேலி அடைக்கும் வேலையையும் குறிக்கும். அதை எண்ண முடியாது. 'டூ ஃபென்சிங்ஸ்' என்று எழுதினால் தப்பு.

வினையாக வரும்போது பின்னால் ஒட்டும் சிறு சொல்லைக் கவனியுங்கள். 'ஃபென்ஸ் இன்' என்றால் உள்ளே இருப்பதைச் சுற்றி அடைப்பது. ஆட்டுக்கும் அப்படிச் சொல்லலாம், நெருக்கடியில் மூச்சு முட்டும் மனிதருக்கும் சொல்லலாம். 'ஃபென்ஸ் ஆஃப்' என்றால் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் தனியாக்குவது. தோட்டம் முழுவதையும் அடைத்தால் முன்னது. தோட்டத்துக்குள் பாழுங்கிணற்றை மட்டும் மறைத்தால் பின்னது.

வாள் சண்டைக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஏன் ஃபென்சிங் என்று பெயர்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. 'ஃபென்ஸ்' தனியாகப் பிறந்த சொல் அல்ல. 'டிஃபென்ஸ்' என்ற சொல்லின் தலை தேய்ந்து, மிச்சம் நின்றது அது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் மூலம் லத்தீனின் 'டெஃபெண்டரே', அதாவது விலக்கித் தள்ளுவது, காப்பது. நிலத்தைக் காப்பது வேலி, வாளால் உடம்பைக் காப்பது ஃபென்சிங். 'ஃபெண்ட்' என்ற வினையும், வண்டியில் இருக்கும் 'ஃபெண்டர்' என்ற உறுப்பின் பெயரும் இதே மாதிரி தலை தேய்ந்தவைதான்.

அந்த விளையாட்டைத் தமிழில் வாள்வீச்சு என்கிறோம். தாக்குதலை முன்னிறுத்தும் பெயர் அது. ஆங்கிலப் பெயர் தற்காப்பை முன்னிறுத்துகிறது. 1896இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இது இடம்பெற்றது. ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள்களில் போட்டிகள் நடக்கின்றன. செய்தியில் 'ஃபென்சிங் வீராங்கனை' என்று பார்த்துவிட்டு 'வேலி அமைப்பவர்' என்று எழுதிவிடாதீர்கள். இயந்திர மொழிபெயர்ப்பு சில சமயம் அதையும் செய்கிறது.

அப்படியானால் ஆஃபென்ஸ் என்பது வேலியை உடைப்பதா?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இல்லை. லத்தீனில் 'ஃபெண்டரே' என்றால் அடிப்பது, மோதுவது. முன்னால் 'டெ' சேர்ந்தால் அடியை விலக்குவது. 'ஒப்' சேர்ந்தால் எதிரே போய் மோதுவது. முதலாவதிலிருந்து டிஃபென்ஸ், இரண்டாவதிலிருந்து ஆஃபென்ஸ். வேடிக்கை என்னவென்றால், காப்பது என்ற பொருளைத் தந்த 'டெ' உதிர்ந்துபோய், அடிப்பது என்ற பகுதி மட்டும் நின்று, அது வேலிக்குப் பெயராகிவிட்டது.

எழுத்துக்கூட்டல் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்கர்கள் டிஃபென்ஸ், ஆஃபென்ஸ் இரண்டையும் கடைசியில் எஸ் போட்டு எழுதுவார்கள். ஃபென்ஸை மட்டும் அவர்களும் ஸி போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

வால், ஃபென்ஸ் எங்கே பிரிகின்றன? உயரத்திலா?

உயரத்தில் இல்லை, உடம்பில். செங்கல், கல், மண், கான்கிரீட் என்று அடைபட்டு நின்றால் வால். தூண் நட்டு, இடையில் கம்பியோ சட்டமோ கட்டினால் ஃபென்ஸ். பெரும்பாலும் ஃபென்ஸ் வழியே மறுபக்கம் தெரியும், காற்றும் சத்தமும் போகும். பலகையை நெருக்கி அடித்த ஃபென்ஸும் உண்டு. அது பார்வையை மறைத்தாலும் யாரும் அதை வால் என்பதில்லை, அதன் கனம் வேறு. தமிழில் வேலி, சுவர் என்ற பிரிவு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கோட்டையைச் சுற்றியோ கோயிலைச் சுற்றியோ நிற்பது என்றால் மதில்.

ஆனால் பெயர் எப்போதும் பொருளைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. பெர்லின் சுவர் 1961 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கியபோது பெரும்பாலும் முள்கம்பிதான். கான்கிரீட் பிறகுதான் வந்தது. ஒருவர் எல்லையில் எழுப்புவதை வால் என்கிறாரா ஃபென்ஸ் என்கிறாரா என்பதிலேயே அவர் அரசியல் தெரிந்துவிடும். மொழிபெயர்க்கும்போது மூலத்தில் எது இருக்கிறதோ அதையே வையுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

'வால்' லத்தீனின் 'வல்லும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. படைமுகாமைச் சுற்றி எழுப்பும் மண் அரணுக்கு அந்தப் பெயர். இரண்டு அரண்களுக்கு நடுவில் கிடக்கும் வெளியைத்தான் 'இன்டர்வல்' என்றார்கள். தியேட்டரில் முறுக்கு வாங்கப் போகிற நேரத்துக்கும் அதுவே பெயர்.

ஹெட்ஜ் என்பது செடி வேலி. அப்புறம் ஹெட்ஜ் ஃபண்ட் எங்கிருந்து வந்தது?

ஹெட்ஜ் என்பது புதர்ச்செடிகளை நெருக்கி வளர்த்து ஆக்கும் வேலி, தமிழில் உயிர்வேலி. அது காப்பாகவும் இருப்பதால், ஒரு பக்கம் நஷ்டம் வந்தால் மறுபக்கம் ஈடுகட்டும்படி பணத்தைப் பிரித்துப் போடுவதற்கும் ஹெட்ஜ் என்ற வினை வந்தது. 1949இல் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் தொடங்கிய முதலீட்டு நிதியைத்தான் ஹெட்ஜ் ஃபண்ட் வகையின் முதலாவது என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

பேச்சிலும் ஹெட்ஜ் உண்டு, ஃபென்ஸும் உண்டு. ஹெட்ஜ் செய்பவர் 'இருக்கலாம்', 'ஒருவகையில் பார்த்தால்', 'பெரும்பாலும்' என்று தன் பேச்சைச் சுற்றிப் பாதுகாப்பு நட்டுக்கொள்வார். ஃபென்ஸ் செய்பவர் வாள்வீச்சுக்காரர் மாதிரி, வரும் கேள்வியைத் தட்டித் தட்டி விடுவார். முன்னதற்கு மழுப்புதல், பின்னதற்குப் பிடிகொடுக்காமல் பேசுதல் என்று எழுதினால் சரியாக உட்காரும்.

ரெயிலிங், பேலிங், ஸ்டாக்கேட், பாலிசேட்... இவற்றை எல்லாம் எப்போது பயன்படுத்துவது?

ரெயிலிங் கம்பி அல்லது குழாய்த் தடுப்பு. மாடிப்படி ஓரத்திலும் பாலத்திலும் இருப்பது. மற்ற மூன்றும் கூர்மையான மரக்கம்பங்களை வரிசையாக நட்டது என்ற ஒரே எண்ணத்தின் வேறு வேறு உருவங்கள். வீட்டுத் தோட்டத்துக்குப் பேலிங், போருக்கும் கோட்டைக்கும் மற்ற இரண்டு. அன்றாட எழுத்தில் தேவைப்படாது.

'பியாண்ட் த பேல்' என்ற தொடரை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் 'பேல்' வெளிறிய நிறம் அல்ல. கம்பம் என்று பொருள்படும் லத்தீன் 'பாலுஸ்' வழியாக வந்தது, கம்பம் நட்ட எல்லை. அந்த எல்லைக்கு அப்பால் போனது என்றால் வரம்பு மீறியது, சகிக்க முடியாதது. 'வெளிறலுக்கு அப்பால்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்த பிறகுதான் இதைச் சேர்த்தேன்.

பேரியர், பேரிகேட் இரண்டுமே போலீஸ் வைப்பதுதானே?

பேரிகேட் என்பது அவசரத்துக்குக் குறுக்கே போடுவது. பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சு 'பாரிக்' என்ற சொல்லோடு அது தொடர்புடையது. 1588 மே 12 அன்று பாரீஸ் மக்கள் அரசனின் படைக்கு எதிராகத் தெருக்களை அடைத்தார்கள். மண் நிரப்பிய பீப்பாய்களும் அதற்குப் பயன்பட்டன. அந்த நாள் வரலாற்றில் 'பேரிகேடுகளின் நாள்' என்றே நிற்கிறது. போலீஸ் வைத்தாலும் சரி, போராட்டக்காரர்கள் வைத்தாலும் சரி, வேலை முடிந்ததும் எடுத்துவிடும் தடுப்பு அது.

பேரியர் அதைவிடப் பரந்த சொல். 'பார்' என்ற குறுக்குக் கட்டையிலிருந்து வந்தது. சுங்கச்சாவடியில் ஏறி இறங்கும் கட்டையிலிருந்து மொழி தெரியாத தவிப்பு வரை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். எல்லா பேரிகேடும் பேரியர்தான். எல்லா பேரியரும் பேரிகேட் அல்ல.

பேரியருக்குத் 'தடை' என்று போட்டால் போதாதா?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். போதாது. தமிழில் தடை வேறு, தடுப்பு வேறு. தடை என்றால் போக வேண்டியவரைப் போகவிடாமல் செய்வது, அதில் ஒரு மனக்குறை ஒட்டியிருக்கும். தடுப்பு என்றால் வரக்கூடாததை வரவிடாமல் செய்வது, அதில் நிம்மதி இருக்கும். ஆங்கிலத்தின் பேரியர் இரண்டையும் ஒன்றாகவே சுமக்கிறது.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருந்து, இரத்தத்தில் வரும் பல பொருட்களை மூளைத் திசுவுக்குள் விடாமல் வடிகட்டுகின்றன. அது இரத்த மூளைத் தடுப்பு. கிருமியும் நச்சும் உள்ளே வராதபடி காப்பதால் தடுப்பு. அதே அமைப்பு, மூளை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பவருக்குத் தடை. அவர் தரும் மருந்தையும் அது உள்ளே விடாது. ஒரே பொருள்தான், யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளும் பவளத்திட்டுக்குப் பெயரிலேயே பேரியர் இருக்கிறது. கப்பலோட்டிகளுக்கு அது தடை, அலையிலிருந்து காக்கப்படும் கரைக்கு அது தடுப்பு. தமிழில் 'பெருந்தடுப்புப் பவளத்திட்டு' என்று எழுதுவதை நான் ஆதரிக்கிறேன்.

மொழித் தடை, வர்த்தகத் தடை, ஒலித்தடை இவற்றில் சிக்கல் இல்லை. 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டியபோது தாண்டியது தடையைத்தான். பாதுகாப்புக்காக வைக்கும் 'பேரியர் கிரீம்' தடை கிரீம் ஆகாது, காப்புக் களிம்பு.

ஹர்டில், ஆப்ஸ்டகிள், பேரியர் மூன்றுக்கும் ஒரே பொருள் என்று தேர்வு வழிகாட்டியில் இருக்கிறது. சரியா?

மதிப்பெண்ணுக்குச் சரி. எழுத்துக்குச் சரியில்லை. விளையாட்டு மைதானத்துக்குப் போனால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆண்களுக்கான 110 மீட்டர் ஹர்டில்ஸ் ஓட்டத்தில் 1.067 மீட்டர் உயரத்தில் பத்து ஹர்டில்கள் இருக்கும். கால் பட்டால் அவை விழுந்துவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வேண்டுமென்றே தள்ளாத வரை ஓட்டக்காரருக்கு நேரம்தான் நஷ்டம். 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் ஆண்களுக்கு வைக்கும் தடுப்பு 0.914 மீட்டர்தான், ஆனால் இடித்தாலும் அசையாது. அதன் பெயர் பேரியர். காலை அதன் மேல் ஊன்றித் தாண்டுபவர்களும் உண்டு. ஹர்டிலில் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

இதையே எழுத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஹர்டில் என்றால் வழியில் அடுத்தடுத்து வரும், தாண்டுவதற்கென்றே இருக்கும் கட்டங்கள்: நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து. ஆப்ஸ்டகிள் என்றால் குறுக்கே நிற்பது. லத்தீனில் 'எதிரே நிற்பது' என்றே பொருள். சாலையில் விழுந்த மரம் ஆப்ஸ்டகிள், யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, சுற்றிக்கொண்டும் போகலாம். பேரியர் பாதையை முழுதாக அடைக்கும். எடுக்க வேண்டும், அல்லது அனுமதி வேண்டும். தமிழில் ஹர்டிலுக்குக் கட்டம் அல்லது தடைதாண்டல், ஆப்ஸ்டகிளுக்கு இடையூறு அல்லது இடைஞ்சல், பேரியருக்கு மேலே சொன்ன இரண்டில் ஒன்று. ஒருவர் வளரவே கூடாது என்று இன்னொருவர் செய்வது முட்டுக்கட்டை; அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டம்ப்ளிங் பிளாக்' நெருங்கி வரும், ஆனால் நம் சொல்லில் இருக்கும் வேண்டுமென்றே செய்த குறும்பு அதில் இல்லை.

ஒரு கொசுறு: ஹர்டில் முதலில் விளையாட்டுச் சொல்லே அல்ல. ஆட்டை அடைக்க மிலாறுகளைப் பின்னிச் செய்த, எடுத்து நகர்த்தக்கூடிய தட்டிக்குப் பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தமிழில் அச்சாக அதற்கு ஒரு சொல் இருக்கிறது, படல்.

இம்பெடிமென்ட்?

இதுவும் தடங்கல்தான், ஆனால் பாதையில் இல்லை, காலில். லத்தீனில் காலைக் கட்டிப்போடுவது என்ற வினையிலிருந்து வந்தது. ரோமானியப் படை சுமந்து திரிந்த மூட்டை முடிச்சுகளுக்கு 'இம்பெடிமெண்டா' என்றே பெயர். அதனால்தான் திக்குவாயை 'ஸ்பீச் இம்பெடிமென்ட்' என்கிறார்கள், ஸ்பீச் பேரியர் என்பதில்லை. கட்டிய காலை அவிழ்த்துவிடுவது 'எக்ஸ்பெடைட்', அதாவது விரைவுபடுத்துவது.

'சிட்டிங் ஆன் த ஃபென்ஸ்' என்பதற்கு மதில் மேல் பூனை என்று போடலாமா?

பாதி இடங்களில் போடலாம். மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தொடர் நம் நிச்சயமின்மையைப் பற்றியது. தேர்தல் முடிவுகூட மதில் மேல் பூனையாக இருக்கலாம். ஆங்கிலத் தொடர் மனிதர்களுக்கு மட்டும்தான் வரும், அதில் ஒரு குத்தலும் உண்டு: முடிவெடுக்கத் தெரிந்தும், யார் மனமும் கோணக்கூடாது என்று மேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று. அந்தக் குத்தல் வேண்டுமென்றால் 'எந்தப் பக்கமும் சாயாமல் நழுவுகிறார்' என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்றால் 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறார்' என்ற விலாங்கு மீன் பழமொழி இன்னும் பொருந்தும், அது சற்றுக் கடுமை.

'மெண்ட் ஃபென்சஸ்' என்றால் பிளவைப் பெரிதாக்குவதா? வேலியைச் சரிசெய்தால் இடைவெளி கூடத்தானே செய்யும்?

நியாயமான குழப்பம். ஆனால் பொருள் நேர்மாறு: கெட்டுப்போன உறவைச் சரிசெய்வது, சமாதானமாவது. எல்லை தெளிவாக இருந்தால் சண்டை வராது என்ற எண்ணம் ஆங்கிலத்தில் பழையது. நல்ல வேலி நல்ல அண்டைவீட்டாரை உண்டாக்கும் என்று பழமொழியே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் 'வேலியைச் செப்பனிட்டார்' என்று எழுதினால் தமிழில் கதை கெட்டுவிடும். 'மனக்கசப்பைத் தீர்த்துக்கொண்டார்கள்' போதும்.

வேலி வரும் நம் பழமொழிகளை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பதற்கு அச்சான ஜோடி உண்டு: வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல் எப்போதும் அதிகப் பச்சை என்பார்கள். நமக்கு ஆறு, அவர்களுக்கு ஃபென்ஸ்.

'வேலியே பயிரை மேய்ந்தது போல' என்பதற்கு ஃபென்ஸ் வைத்து ஆங்கிலத்தில் வழக்குத் தொடர் கிடையாது. கோழிக்கூண்டுக்கு நரியைக் காவல் வைத்த கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நரி தொடக்கத்திலிருந்தே நரி. நம் வேலி நம்பப்பட்டது, அதனால் துரோகம் கூடுதல். ஆங்கில வாசகருக்கு நம் தொடரையே நேராக மொழிபெயர்த்துக் கொடுப்பது நல்லது, புரிந்துகொள்வார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்கு 'ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்' என்பார்கள். பொருள் வருகிறது, ஓணான் வரவில்லை.

கதையில் 'ஹி இஸ் எ ஃபென்ஸ்' என்று வருகிறது. அவர் வேலியா?

திருட்டுப் பொருளை வாங்கி விற்பவர். ஆங்கிலத் திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து பொதுவழக்குக்கு வந்தது. திருடனுக்கும் சந்தைக்கும் நடுவில் மறைப்பாக நிற்பவர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வினையாகவும் வரும்: நகையை ஃபென்ஸ் செய்தான் என்றால் கைமாற்றிவிட்டான். தமிழில் ஒற்றைச் சொல் தேடி மெனக்கெட வேண்டாம், 'திருட்டுப் பொருள் வாங்குபவர்' என்றே எழுதுங்கள்.

கிரிக்கெட்டில் பந்து ஃபென்ஸுக்குப் போனது என்கிறார்களே, அங்கே கயிறுதானே இருக்கிறது?

எல்லைக்கோட்டுக்குப் பழகிப்போன பெயர், கயிறு வந்த பிறகும் போகவில்லை. 'ஸ்விங் ஃபார் த ஃபென்சஸ்' பேஸ்பாலிலிருந்து வந்தது. சின்ன ஓட்டங்களை விட்டுவிட்டு ஒரே அடியில் பெரிதாக அடிக்கப் பார்ப்பது. குதிரைப் பந்தயத்தில் கதை வேறு. பிரிட்டனின் தடைதாண்டும் பந்தயங்களில் ஹர்டில் குறைந்தது மூன்றரை அடி, ஃபென்ஸ் குறைந்தது நாலரை அடி. இரண்டும் தனித்தனிப் பந்தய வகைகள், ஒன்றுக்கு மற்றொன்றை எழுதக்கூடாது.

ரிங்ஃபென்ஸ், ஜியோஃபென்ஸ், மெமரி ஃபென்ஸ் இவற்றில் வேலி எங்கே இருக்கிறது?

மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத வேலி. ரிங்ஃபென்ஸ் செய்த பணம் என்றால் ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கி, வேறு எதற்கும் தொடக்கூடாது என்று கட்டுப்படுத்திய நிதி. ஜியோஃபென்ஸ் என்பது வரைபடத்தில் வரைந்த எல்லை; கைபேசியோ வண்டியோ அதைத் தாண்டினால் மென்பொருளுக்குத் தெரிந்துவிடும்.

மெமரி ஃபென்ஸ் நிரலாளர்களுக்கானது. செயலி வேகத்துக்காக நினைவகத்தில் படிப்பது எழுதுவது ஆகியவற்றின் வரிசையை மாற்றிக்கொள்ளும். இந்த இடத்தைத் தாண்டி மாற்றாதே என்று இடும் கட்டளைதான் அது. இதையே மெமரி பேரியர் என்றும் சொல்வார்கள். ஃபென்ஸும் பேரியரும் உண்மையிலேயே ஒத்த சொற்களாக நிற்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

தமிழில் இதற்கு இவ்வளவு சொற்கள் இல்லையே?

யார் சொன்னது? கோட்டைச் சுவருக்கு மட்டும் மதில், எயில், இஞ்சி, புரிசை, நொச்சி என்று அடுக்கலாம். இஞ்சி என்பதைப் பழம்பாடலில் பார்த்துச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். மதிலைக் காக்கும் போருக்கு நொச்சி, வளைத்துப் பிடிக்கும் போருக்கு உழிஞை என்று தனித்தனித் திணையே இருக்கிறது. திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரம், 75ஆவது. உயரம், அகலம், திண்மை, நெருங்க அருமை என்ற நான்கும் அமைந்ததே அரண் என்கிறது. பேரியர் காப்பாக வரும் இடங்களில் அரண் என்ற சொல்லை இன்னும் துணிந்து பயன்படுத்தலாம்.

வேலி என்பது நில அளவுப் பெயரும்கூட. இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். பழைய ஆவணத்தில் 'பத்து வேலி' என்று பார்த்தால் பத்து ஃபென்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஃபென்ஸுக்கு எதிர்ச்சொல் என்ன? வினாத்தாளில் வந்தது.

பொருட்பெயர்களுக்கு எதிர்ச்சொல் கேட்பதே சரியில்லை. மேசைக்கு எதிர்ச்சொல் என்ன? தடை என்ற பொருளில் கேட்டிருந்தால் ஓப்பனிங், பேசேஜ், அதாவது வழி, திறப்பு. ஆப்ஸ்டகிளுக்கு எதிர்ச்சொல் கேட்டால் எய்ட் அல்லது ஹெல்ப். 'கேட்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் கேட் வேலியின் ஒரு பகுதிதான்.

'டவுன்' என்ற சொல்லுக்கே வேலி என்றுதான் பொருள் என்று ஒருவர் சொல்கிறார். கட்டுக்கதையா?

ஏறக்குறைய உண்மை. பழைய ஆங்கிலத்தின் 'டூன்' என்பது அடைக்கப்பட்ட இடம், பிறகு அங்கே இருந்த வீடு, பண்ணை, ஊர் என்று விரிந்தது. அதே குடும்பத்துச் சொல்லான 'ட்சவுன்' ஜெர்மனில் இன்றும் வேலிதான், டச்சு மொழியின் 'டாய்ன்' தோட்டம். ஆனால் இன்றைய டவுன் என்ற சொல்லுக்குப் 'வேலி' என்று பொருள் எழுதினால் தப்பு. வேர் வேறு, வழக்கு வேறு. இந்தக் கேள்வி பிடித்தவர்கள் 'பாரடைஸ்' என்ற சொல்லையும் தோண்டிப் பாருங்கள். பழைய ஈரானிய மொழியில் சுற்றிச் சுவர் எழுப்பிய இடத்துக்குத்தான் அந்தப் பெயர். ஃபென்ஸா வாலா என்று கேட்டால், வால்.